ஒலிக்கும் படத்துக்கும் கம்பி இழுப்பவர்களுக்கு



கம்ப்யூட்டர் திரையில் சின்னஞ்சிறு பெட்டிகளை அடுக்கி, ஒன்றின் கீழ்விளிம்பிலிருந்து மற்றொன்றின் மேல்விளிம்புக்குக் கம்பி இழுத்து, மைக்கில் விழும் குரலால் படத்தை அசைக்கவும், காமிராவில் விழும் முகத்தால் ஒலியைப் பிறப்பிக்கவும் முனைந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர், மேக்ஸ், ப்யூர் டேட்டா என்ற இரண்டு மென்பொருள்களில் எதைக் கையில் எடுத்திருந்தாலும், முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. ஒலி வரும் கம்பியை எண் கேட்கும் பெட்டியில் கொண்டுபோய்ச் செருகினால் அது ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது? படம் வரும் கம்பியை ஒலிப்பெட்டி ஏன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை? இதற்கு விவரமறிந்தவர்கள் சொல்லும் பதிலும் ஏறக்குறைய நிர்ணயமாகிவிட்டது: நடுவில் இன்ன பெயருடைய மாற்றுப் பெட்டியை வை, கம்பி ஒட்டும், போ. பதில் பிழையன்று. ஆனால் அந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிட்டதாகக் கேட்டவரும் சொன்னவரும் ஒருங்கே நம்பிவிடுவதால்தான், கம்பிகளெல்லாம் செவ்வனே ஒட்டியிருந்தும், அரங்கில் பாட்டு தன் போக்கிலும் படம் தன் போக்கிலுமாக, ஒன்றையொன்று அறியாத இரண்டு விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருக்கும் நிகழ்ச்சிகளை நாம் இவ்வளவு காண நேர்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒட்டாத கம்பி உங்களுக்கு உபகாரமே செய்கிறது. அது உங்களைத் தடுத்து நிறுத்தி யோசிக்கச் சொல்கிறது. எவ்வித ஆட்சேபமும் இன்றி ஒட்டிவிடும் கம்பியைப் பற்றித்தான் இந்த மடலை எழுத வேண்டியிருக்கிறது.

இத்தனை வகைக் கம்பிகள் ஏன் உண்டாயின என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேற்றுமைகளை யாரோ ஒருவரின் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வது எளிது. 1980-களில் பாரிஸ் நகரத்தில் இர்காம் என்னும் இசை ஆராய்ச்சி நிலையத்தில் மில்லர் பக்கெட் என்ற கணித அறிஞர் முதன்முதலாக இந்தப் பெட்டி-கம்பி முறையை வகுத்தபோது, அந்தக் கம்பிகளில் ஒலி ஓடவே இல்லை. ஒலியைக் கணக்கிடும் பாரிய வேலையை ஜுசெப்பே தி ஜுன்யோ அமைத்த 4எக்ஸ் என்ற தனி இயந்திரம் செய்துகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த மக்கின்டாஷ், எந்த ஸ்வரம் வந்தது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்ற கட்டளைகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. 1988-இல் பிலிப் மனூரி பியானோவுக்கும் இயந்திரத்துக்குமாக இயற்றிய புளூட்டன் என்ற இசைப்படைப்பு அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான். ஆகவே மேக்ஸின் ஆதிக் கம்பி, கட்டளைக் கம்பி. 1957-லேயே பெல் ஆராய்ச்சிச்சாலையில் கம்ப்யூட்டரை இசைக்க வைத்த மேக்ஸ் மாத்யூஸின் பெயரைத் தாங்கி, 1990-இல் மேக்ஸ் விற்பனைக்கு வந்தபோதும் கட்டளைகளையே சுமந்தது. பின்னர் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் இன்டெல் ஐ860 அட்டைகளைப் பொருத்தி, ஒலியையும் அதே திரையில் அதே கம்பிகளால் இணைக்கும் வழியை இர்காமில் கண்டார்கள். 1996-இல் பக்கெட் இலவசமாக எல்லோருக்கும் உரியதாக ப்யூர் டேட்டாவை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு டேவிட் ஸிக்கரெல்லியின் முயற்சியால் மேக்ஸோடு எம்.எஸ்.பி. என்ற ஒலிப்பகுதி சேர்ந்தது. 2003-இல் ஜிட்டர் என்ற படப்பகுதி வந்தது. ப்யூர் டேட்டாவுக்கு மார்க் டாங்க்ஸ் எழுதிய ஜெம் என்ற படப்பகுதி அதற்கும் முந்தியது. ஆற்றங்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணடுக்குகளை வெட்டிப் பார்ப்பவனுக்கு எப்படி வெள்ளங்களின் வரிசை தெரியுமோ, அப்படியே பேட்ச் என்று வழங்கும் உங்கள் மேக்ஸ் இணைப்புப் படத்தில் வெறுங்கோடாகத் தெரியும் கட்டளைக் கம்பியும், மஞ்சளும் கறுப்புமாக வரியிட்ட ஒலிக் கம்பியும், பச்சையும் கறுப்புமாக வரியிட்ட படக் கம்பியும் மூன்று காலங்களின் அடையாளங்கள்.

இம்மூன்றின் சுபாவமும் வேறு வேறு. கட்டளை என்பது ஒரு சம்பவம். ஒரு எண் வந்தது, ஒரு பொத்தான் அழுத்தப்பட்டது, அவ்வளவே. வந்த கணத்தில் அது இருக்கிறது, அடுத்த கணத்தில் இல்லை, மறுபடி ஒன்று வரும்வரை கம்பியில் ஒன்றுமே ஓடுவதில்லை. ஒலி அப்படியன்று, அது நில்லாத பிரவாகம். விநாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள் என்ற கணக்கில், பெரும்பாலும் 64 எண்கள் கொண்ட கட்டுகளாக, அதாவது ஒன்றரை மில்லிவிநாடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளிக்கு ஒரு கட்டாக, அது சலியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாடகர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலும் ஓட்டம் நிற்பதில்லை. அப்போது ஓடுவது பூஜ்யத்தை ஒட்டிய எண்களின் வரிசை. படமோ, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விசித்திரப் பிறவி. அதனுள்ளே இருப்பது ஏராளம்: 640-க்கு 480 என்ற சிறிய படத்துக்கே, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளிபுகவிடும் அளவு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நான்கு எண்கள் வீதம் 12,28,800 எண்கள், விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் மூன்றரைக் கோடிக்கும் மேல். ஆனால் அது வருவதோ கட்டளையைப் போல விட்டுவிட்டு, யாரோ ஒருவர் ‘அடுத்தது’ என்று சொல்லும்போது மட்டும். இன்னும் ஒரு வேடிக்கை: ஜிட்டரின் பச்சைக் கம்பியில் இந்தப் பன்னிரண்டு லட்சம் எண்களில் ஒன்றுகூட ஓடுவதில்லை. ஓடுவது ‘இன்ன பெயருள்ள மேட்ரிக்ஸ் தயாராக இருக்கிறது’ என்ற ஒரு செய்தி. அடுத்த பெட்டி அந்தப் பெயரைக் கொண்டு, நினைவகத்தில் மேட்ரிக்ஸாக, அதாவது எண்களின் கட்ட வரிசையாக, இருக்கும் படத்தைத் தானே தேடிப் பார்த்துக்கொள்கிறது.

ஒலியும் படமும் ஒரே காலத்தில் வாழ்வதில்லை என்ற இந்த உண்மையைக் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே சினிமாக்காரர்கள் கண்டறிந்து, அதற்குத் தக்க பரிகாரமும் செய்துவிட்டார்கள். பழைய 35 மில்லிமீட்டர் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள், படக் கட்டங்களின் ஓரமாக நெளிந்தோடும் வெண்கோடு ஒன்றைக் கண்டிருக்கலாம், அதுதான் ஒலி. விநாடிக்கு 24 கட்டங்கள், அதாவது 18 அங்குலம் என்ற வேகத்தில் அந்தச் சுருள் ஓடினாலும், லென்ஸுக்கு எதிரே ஒவ்வொரு கட்டமும் ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு வெடுக்கென்று இழுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் திரையில் படம் குழம்பிப்போகும். ஒலிக்கோடோ அதற்கு நேர்மாறாக, கொஞ்சமும் நிற்காமல் ஒரே சீராக விளக்கின்முன் வழுக்கிச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு விக்கும். ஒரே சுருளை ஒரே இடத்தில் நிற்கவும் ஓடவும் செய்ய முடியாதாகையால், ஒலியைப் படிக்கும் இடத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, அந்த இடைவெளிக்கு ஏற்றபடி ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய ஒலியைச் சுமார் 20 கட்டங்கள் முன்னதாகவே அச்சிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே தளர்வாக ஒரு வளைவு விட்டார்கள். விட்டுவிட்டு நகரும் சுருள் அந்த வளைவைக் கடந்தபிறகுதான் சீராக ஓடத் தொடங்கும். நீங்கள் திரையில் இழுக்கும் மாற்றுப் பெட்டியின் வேலையும் இதுவேதான். அந்த வளைவை எவ்வளவு நீளம் விடுவது என்பதை மட்டும் இப்போது இயந்திரம் செய்தவர் தீர்மானிப்பதில்லை, நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

முதலில் ஒலியிலிருந்து படத்துக்குப் போகும் வழியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அங்கேதான் தொடங்குகிறீர்கள். குரல் உயர்ந்தால் திரையில் வட்டம் பெரிதாக வேண்டும். ஒலிக் கம்பியை எண்ணாக மாற்ற ஸ்நாப்ஷாட் என்ற பெட்டி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதை வைத்து, விநாடிக்கு 30 முறை ஓர் எண் கேட்டு, அந்த எண்ணை வட்டத்தின் அளவாகக் கொடுத்துவிடுகிறீர்கள். கம்பி ஒட்டுகிறது, வட்டமும் அசைகிறது, ஆனால் அது அசைவது குரலுக்காக அன்று. ஸ்நாப்ஷாட் எடுத்துத் தருவது அந்தக் கணத்தில் அலை நிற்கும் ஒரே ஒரு புள்ளியை. ஒலியின் வலிமையை அன்று. 440 அதிர்வு கொண்ட தூய ஸ்வரம் ஒன்றை, பிசகாத கடிகாரத்தோடு விநாடிக்கு 30 முறை இப்படித் தொட்டுப் பாருங்கள்: ஒலி ஏற்றத்தாழ்வின்றி நீண்டுகொண்டிருக்கும், திரையில் வட்டமோ விநாடிக்கு 10 முறை ஊசலாடும். பாட்டில் இல்லாத அந்தப் பத்து, 440-க்கும் 30-இன் மடங்கான 450-க்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து பிறந்தது. ஸ்வரத்தைச் சற்றே உயர்த்தி 450-இலேயே நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் அலையின் அதே புள்ளியே கையில் சிக்குமாதலால், காதைத் துளைக்கும் ஒலிக்கு எதிரே வட்டம் கல்லாய்ச் சமைந்து நிற்கும். இயந்திரம் இதில் ஒரு பிழையும் செய்யவில்லை. எதைக் கேட்டீர்களோ அதைக் கொடுத்தது.

நீங்கள் விரும்பியது ஒலியின் வலிமை. அதற்கு, கடந்த முறை கேட்டதற்கும் இந்த முறை கேட்பதற்கும் இடையே சென்ற எண்களில் உச்சமானது எது என்று சொல்லும் பீக்ஆம்ப் போன்ற பெட்டி வேண்டும். விநாடிக்கு 48,000 எண்கள் ஓடி, 30 ஃப்ரேம்கள் போனால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1,600 எண்கள். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற 1,599-ஐ நீங்கள் கைவிடுகிறீர்கள். உச்சத்தை வைத்துக்கொள்வதா, சராசரியை வைத்துக்கொள்வதா, மிருதங்கத்தில் தட்டு விழுந்த கணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை அடியோடு விட்டுவிடுவதா என்பதெல்லாம் எந்தக் கையேடும் உங்களுக்காகத் தீர்க்கமுடியாத பிரச்னைகள். அவை இசையமைப்பைச் சேர்ந்தவை. தட்டு விழும் கணத்தைத்தான் பிடிக்க வேண்டுமென்றால், அதை ஒலியின் உலகத்திலேயே கண்டுபிடித்து, கண்டுபிடித்த செய்தியை மட்டும் படத்துக்கு அனுப்புங்கள்; சில மில்லிவிநாடிகளில் தோன்றி மறையும் ஒரு தட்டை, 33 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கண்விழிக்கும் படத்தின் உலகத்தில் உட்கார்ந்து தேடுவது வீண்.

அடுத்தது எல்லை. ஒலிக் கம்பியின் எண்கள் சாதாரணமாக −1-க்கும் 1-க்கும் இடையே. படத்தின் நிறங்கள் ஒருவகை மேட்ரிக்ஸில் 0 முதல் 255 வரை, இன்னொரு வகையில் 0 முதல் 1 வரை. மிடி வழியாக வருபவை 0 முதல் 127 வரை. பெருக்கிக்கொண்டால் போயிற்று என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் காது பெருக்கல் வாய்பாட்டின்படி கேட்பதில்லை. உச்ச வலிமையிலிருந்து 40 டெசிபெல் குறைந்த ஒலி காதுக்கு நன்றாகவே கேட்கும். எண்ணளவில் அது உச்சத்தின் நூற்றில் ஒரு பங்குதான். 255-ஆல் பெருக்கினால் இரண்டரை. 255 படிகள் கொண்ட வெளிச்சத்தில் இரண்டரைப் படி என்பது இருட்டு. சபை முழுவதும் மூச்சடக்கிக் கேட்கும் ஒரு மெல்லிய சங்கதிக்குத் திரை கறுத்துக் கிடப்பதும், ஒலிபெருக்கி அலறும் இடத்தில் மட்டும் கண் கூசுவதும் இதனால்தான். டெசிபெலாக மாற்றியபிறகு நீட்டியோ குறுக்கியோ கொடுத்தால் படத்துக்குக் காது முளைத்ததுபோல் இருக்கும்.

சுருக்காமலேயே ஒலியைப் படத்துக்குள் கொண்டுபோகும் வழியும் ஒன்றுண்டு. எனக்கு அதில் தனிப் பிரியம். ஜிட்கேட்ச் என்ற பெட்டி, போன ஃப்ரேமிலிருந்து இந்த ஃப்ரேம் வரை சென்ற அத்தனை எண்களையும் சேர்த்து ஒரு மேட்ரிக்ஸாகவே கொடுத்துவிடும். அலை அப்படியே பிக்சல்களின் வரிசையாகிவிடுகிறது. இதற்கு முன்னோடிகள் 1970-களின் அமெரிக்கக் கலைஞர்கள். சிகாகோவில் டான் சாண்டின் அமைத்த பட இயந்திரத்தில் எந்தப் பகுதியின் வெளிவாயையும் எந்தப் பகுதியின் உள்வாயோடும் இணைக்கலாம், எல்லாம் ஒரேவித மின்னழுத்தம். வேண்டியவர்கள் தாங்களே பிரதி செய்துகொள்ளும்படி அதன் வரைபடங்களையும் அவர் வழங்கினார். ஐஸ்லாந்திலிருந்து வந்த வயலின் கலைஞர் ஸ்டெய்னா வசூல்கா, தம் வில்லின் அசைவால் வீடியோப் படத்தைக் குலைத்தும் வளைத்தும் காட்டினார். இப்படி ஒலியை நேரே படத்தின் வெளிச்சத்தில் செலுத்தும்போது நிகழ்வது கணக்குக்குட்பட்ட அற்புதம். நம் நாட்டில் வழங்கிய பி.ஏ.எல். என்ற தொலைக்காட்சி முறைப்படி திரை விநாடிக்கு 50 முறை மேலிருந்து கீழாகவும், 15,625 முறை இடமிருந்து வலமாகவும் வருடப்படுகிறது. 50 அதிர்வுள்ள ஒலியைச் செலுத்தினால் ஒரே ஒரு பட்டை குறுக்கே நிற்கும். 500 என்றால் பத்துப் பட்டைகள். ஸ்வரம் ஒரு மயிரிழை பிசகினால் பட்டைகள் மெதுவாக ஏறவோ இறங்கவோ தொடங்கும். 15,625-ஐ எட்டினால் பட்டை செங்குத்தாக நிமிர்ந்துவிடும். ஸ்வரஸ்தானத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நேர்த்தியான உபாயத்தை நான் அறியேன்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கலாம் என்ற இந்தச் சுதந்திரம் நல்லதா என்ற விவாதம் அக்காலத்திலேயே இருந்தது. நியூயார்க் மாகாணத்தில் ராபர்ட் மூக் அமைத்த சிந்தசைஸரில் ஒலிக்கும் கட்டளை மின்னழுத்தத்துக்கும் ஒரேவிதச் செருகி. கலிபோர்னியாவில் டான் புக்லா அதை ஏற்கவில்லை. ஒலிக்கு ஒருவிதச் செருகி, கட்டளைக்கு வாழைப்பழ வடிவில் வேறொரு செருகி என்று பிரித்தே வைத்தார். நம் தேசத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது மூக்கின் இயந்திரம். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிலையத்தில் டேவிட் டியூடர் என்ற இசைக் கலைஞர் அதை நிறுவினார். கண்டுபிடிப்பவர்களுக்கு மூக்கின் வழி உகந்தது, கற்பவர்களுக்குப் புக்லாவின் வழி உகந்தது என்று நடுநிலையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தமட்டில் நான் புக்லாவின் பக்கமே நிற்பேன். மின்னழுத்தங்களின் உலகத்தில் தவறாகச் செருகினாலும் ஏதோ ஒன்று கேட்கும் அல்லது தெரியும், அந்த ஏதோ ஒன்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம். எண்களின் உலகத்தில் தவறாகச் செருகியது பல சமயங்களில் சரியாகச் செருகியதைப் போலவே நடந்துகொள்ளும்.

படத்திலிருந்து ஒலிக்கு வரும் வழியில் இந்த அபாயம் இன்னும் நன்றாகப் புலப்படும். ஒலிக் கம்பி எண் பெட்டியில் ஒட்டாது. ஆனால் எண் கம்பி ஒலிப் பெட்டியில் அநேகமாக ஒட்டிவிடும். ப்யூர் டேட்டாவாகட்டும் மேக்ஸாகட்டும், ஓர் எண் வந்தால் அடுத்த எண் வரும்வரை அதையே நிலையான அலையாக நீட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று எண்ணிப் பெட்டிகள் தாராளமாக இடம் கொடுத்துவிடுகின்றன. காமிராப் படத்தின் சராசரி வெளிச்சத்தை ஜிட்.3எம் என்ற பெட்டியால் எடுத்து, அதை நேரே ஒலியின் அளவாகக் கொடுத்துப் பாருங்கள். கையை மெல்ல உயர்த்தினால் ஒலி மெல்ல உயர வேண்டும். உயர்கிறது, ஆனால் கரகரப்போடு. 33 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படிப்படியாகத் தாவும் எண், ஒவ்வொரு தாவலிலும் அலையை வெட்டி ஒரு சிறு சொடக்கை உண்டாக்குகிறது. இதைக் கேட்டுவிட்டு ஒலிபெருக்கியையும் கேபிளையும் மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது அந்தக் கம்பி. நடுவில் லைன் என்ற ஒலிப்பெட்டியை வைத்து, பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு 33 மில்லிவிநாடியில் சாய்வாக ஏறச் சொன்னால் கரகரப்பு மறையும். அதற்கு விலையாக, ஒலி எப்போதும் கைக்கு ஒரு ஃப்ரேம் பின்தங்கும். சினிமாச் சுருளில் விட்ட அந்த வளைவைப் போல இந்தத் தாமதமும் தவிர்க்க முடியாதது. குறைத்தால் சொடக்கு, கூட்டினால் சோம்பல். நடனக் கலைஞர் எவ்வளவு தாமதத்தைப் பொறுப்பார் என்பதை அவரையே ஆடச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.

படத்தையே அலையாகப் படிக்கும் வழியும் இருக்கிறது. ஜிட்பீக் என்ற பெட்டி மேட்ரிக்ஸின் கட்டங்களை ஒலியின் வேகத்தில் வருடிச் செல்லும். 320 கட்டங்கள் கொண்ட ஒரு வரிசையை விநாடிக்கு 100 முறை வருடினால் 100 அதிர்வுள்ள ஒலி பிறக்கும், அதன் குணம் அந்த வரிசையின் ஒளி நிழலைப் பொறுத்தது. கனடா நாட்டில் நார்மன் மக்லாரன், சினிமாச் சுருளின் ஒலிப்பாதையில் கோடுகளைப் பதித்து இசையமைத்து, 1971-இல் வெளியிட்ட சிங்க்ரோமி என்ற படத்தில் அதே கோடுகளைத் திரையிலும் காட்டியபோது செய்தது இதைத்தான். கேட்பதையே பார்த்தார்கள், பார்ப்பதையே கேட்டார்கள். அங்கே மாற்றுப் பெட்டி ஒன்றுகூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

வரிசைக் கிரமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வெளிவாயிலிருந்து இரண்டு கட்டளைக் கம்பிகள் பிரிந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் போய்ச் சேருவதாகத் தோன்றும், அப்படியன்று. மேக்ஸில் வலப்பக்கம் இருக்கும் பெட்டிக்கு முதலில், இடப்பக்கத்துக்குப் பிறகு. அழகாக இருக்கட்டும் என்று ஒரு பெட்டியை இரண்டு அங்குலம் நகர்த்தினால் கணக்கின் விடையே மாறக்கூடும். ப்யூர் டேட்டாவிலோ எந்தக் கம்பியை முதலில் இழுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது, அது திரையில் தெரியவே தெரியாது. ட்ரிகர் என்ற பெட்டியை நடுவில் வைத்து வரிசையை வெளிப்படையாக எழுதிவிடுவதைச் சோம்பலின் காரணமாகத் தள்ளிப்போடாதீர்கள். ஒலிக் கம்பிகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒவ்வொரு கட்டுக்கும் எல்லாப் பெட்டிகளும் உரிய முறைப்படி ஒருமுறை கணக்கிடப்பட்டுவிடும். படமோ எல்லோருக்கும் பிந்திய வரிசையில் நிற்கிறது: மேக்ஸில் கம்ப்யூட்டருக்கு வேலை மிகுந்தால் ஒலி காத்திருக்காது, படம்தான் ஒரு ஃப்ரேமை விழுங்கிவிட்டு மேலே போகும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. விழுங்கிய ஃப்ரேமைக் கண் மன்னித்துவிடும், விழுங்கிய ஒலியைக் காது மன்னிக்காது. ஆனால் இதன் விளைவாக, தவறாமல் போய்ச்சேர வேண்டிய கட்டளையைப் படக் கம்பியின் வழியாக அனுப்புவது, வருமோ வராதோ என்ற சந்தேகத்துக்கு இடமளிப்பதாகும்.

பச்சைக் கம்பியில் ஓடுவது பெயர் மட்டும்தான் என்று முன்னே சொன்னேன். கடந்த பத்து ஃப்ரேம்களை வைத்துக்கொண்டு நிழல்போல் தொடரும் பிம்பங்களை உண்டாக்க நினைப்பவர்கள், அந்தச் செய்தியைப் பத்து முறை சேமித்து வைத்துவிட்டு, பத்து இடத்திலும் இன்றைய படமே தெரிகிறதே என்று திகைக்கிறார்கள். பெயரைச் சேமித்தால் படம் சேமிக்கப்படாது. வேறு பெயருள்ள மேட்ரிக்ஸில் பிரதி எடுத்தாக வேண்டும். இதேபோல, படம் கிராபிக்ஸ் அட்டையின் நினைவகத்தில் டெக்ஸ்சராக இருக்கும்வரை எவ்வளவு பெரிதானாலும் வேகமாக ஓடும். அதிலிருந்து ஒரே ஒரு பிக்சலின் நிறத்தைக் கேட்டு ஒலிக்குக் கொடுக்க விரும்பினாலோ, கேட்ட படம் முழுவதும் அட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குத் திரும்பி வரவேண்டும், ஓட்டம் அங்கே தடைப்படும். திரும்பக் கொண்டுவருமுன் அட்டையிலேயே படத்தை 16-க்கு 16 என்ற அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் தொல்லை பெரிதும் குறையும்; ஒலிக்கு வேண்டிய சராசரிக்கு அந்த 256 பிக்சல்களே ஏராளம்.

வெளிவாயை மீண்டும் உள்வாய்க்கே கொண்டுவரும் ஆசை உங்களில் எவரையும் விட்டதில்லை. கட்டளையில் செய்தால் முடிவில்லாமல் சுழன்று மேக்ஸ் கையை விரித்துவிடும். ஒலியில் செய்தால், நடுவில் ஒரு கட்டு அளவாவது தாமதம் இல்லாவிட்டால் கணக்கிடவே மறுக்கும். படத்தில், முந்திய ஃப்ரேமை ஒரு மேட்ரிக்ஸில் நிறுத்திவைத்துத் திரும்பக் கொடுத்தால் ஒரு ஃப்ரேம் தாமதம் அமைந்துவிடுவதால் தாராளமாகச் செய்யலாம், பார்க்கவும் அழகாக இருக்கும்.

இவ்வளவையும் சொல்லக் காரணம், உங்களை மிரட்டுவதன்று. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குக் கம்பி கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் எப்போது எடுப்பது, எதைக் கைவிடுவது என்ற முடிவை யாராவது ஒருவர் எடுத்தே ஆகவேண்டும்; நீங்கள் எடுக்காவிட்டால், உங்கள் பாட்டைக் கேட்டறியாத ஒரு நிரல்காரர் தம் பெட்டிக்கு இட்டுவைத்த ஆரம்ப எண் உங்களுக்காக எடுத்துவிடும். ஆகையால் என் கோரிக்கை சிறியது. உங்கள் பேட்சில் வகை மாறும் கம்பி எங்கெல்லாம் இருக்கிறதோ, அதன் பக்கத்தில் ஒரு குறிப்புப் பெட்டியை வைத்து, விநாடிக்கு எத்தனை எடுக்கிறேன், எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைக்கு, எதை விட்டுவிட்டேன் என்று எழுதிவையுங்கள். பிறரிடம் உதவி கேட்கும்போது அந்தக் குறிப்புகளோடு பேட்சை அனுப்புங்கள். உங்களில் மூத்தவர்கள், மாற்றுப் பெட்டியின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் குறிப்பு எங்கே என்று ஒருமுறை கேட்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உங்களைப் போலவே கம்பி இழுக்கும் ஒருவன்